பரிசோதனைக்கு அழைக்கத் தபால் கடிதம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் கருப்பைவாய்ப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் கடைப்பிடிக்கிறோம். பேரணி போகிறது, முகாம் நடக்கிறது, நாளிதழ்களில் படத்துடன் செய்தி வருகிறது. முகாமுக்கு வருபவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் ஏற்கெனவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து போகிறவர்கள், மகளிர் குழுவில் இருப்பவர்கள், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள். வராதவர்கள் அடுத்த ஜனவரியிலும் வருவதில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று முகாம் பதிவேடு சொல்லும். யார் வரவில்லை என்பதைச் சொல்ல எந்தப் பதிவேடும் கிடையாது. அந்த வராதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். 30 முதல் 60 வயதுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் அவர் பெயருக்கே, நாளும் நேரமும் குறித்து, தபாலில் பரிசோதனை அழைப்புக் கடிதம் போக வேண்டும். வராவிட்டால் நினைவூட்டல் கடிதமும் போக வேண்டும். இதற்குத் தேவையான எல்லாமே தமிழ்நாட்டில் தனித்தனியாக இருக்கின்றன. அவற்றைச் சேர்க்கும் வேலைதான் பாக்கி.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் ஆண்டுக்கு 1,20,000-க்கும் அதிகமான பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. கிட்டத்தட்ட 80,000 பேர் இறக்கிறார்கள். காரணம் எச்.பி.வி. எனும் வைரஸ். பெரும்பாலான பெண்களின் உடலே அதை ஓரிரு ஆண்டுகளில் வெளியேற்றிவிடும். சிலருக்கு மட்டும் அது தங்கி, கருப்பை வாயின் செல்களை மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகக் குறைவு. அந்த இடைவெளியில் ஒரு முறையோ இரு முறையோ பார்த்துவிட்டால், அந்த இடத்தை மட்டும் வெப்பத்தாலோ குளிர்வித்தோ சிகிச்சை செய்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வெள்ளைப்படுதல், உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பின் ரத்தப்போக்கு என்று அறிகுறியோடு வருபவர்களில் பலருக்கு அந்த அவகாசம் முடிந்திருக்கும். ஆக, உடம்புக்கு எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே ஒரு பெண் வந்தாக வேண்டும். தொந்தரவு இல்லாதவர் தானாக எதற்கு வருவார்? யாராவது பெயர் சொல்லி அழைத்தால்தான் வருவார்.

இதற்கு இங்கிலாந்தின் அனுபவம் நல்ல பாடம். அங்கே 1960-களிலிருந்தே பாப் ஸ்மியர் பரிசோதனை (கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) இலவசமாகக் கிடைத்தது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இறப்பு எதிர்பார்த்த அளவு குறையவில்லை. இளம்பெண்களுக்கு, குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனைக்கு வந்தவர்களுக்கு, திரும்பத் திரும்பப் பரிசோதனை நடந்தது. ஆபத்து அதிகமுள்ள நடுவயதுப் பெண்கள் விடுபட்டுப் போனார்கள். 1988-ல் கணினிப் பட்டியல் வைத்து ஒவ்வொரு பெண்ணுக்கும் தபாலில் அழைப்பு, வராதவருக்கு நினைவூட்டல் என்ற முறை நாடு முழுவதும் வந்தது. பரிசோதனை செய்துகொண்டவர்களின் விகிதம் வேகமாக ஏறியது, நோயும் இறப்பும் தொடர்ந்து குறைந்தன. முக்கியமான மாற்றம் யாரை எப்போது அழைப்பது என்ற ஒழுங்கில்தான் நடந்தது. பின்லாந்து இன்னும் முன்னதாக, 1960-களிலேயே, இப்படி அழைப்பு அனுப்பத் தொடங்கி நோயை வெகுவாகக் குறைத்தது.

கடிதம் மட்டும் எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியான காக்ரேன் ஆய்வின்படி, அழைப்புக் கடிதம் பெற்ற பெண்கள் பெறாதவர்களைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு அதிகமாகப் பரிசோதனைக்கு வந்தார்கள். ஸ்வீடனில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு ஒன்றில், முதல் அழைப்பின் வாசகத்தை மாற்றிப் பார்த்ததில் பெரிய பலன் இல்லை. வராதவர்களுக்கு அனுப்பிய நினைவூட்டல் கடிதம் வருகையை 9 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது, தொலைபேசி நினைவூட்டல் 31 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. இத்தாலியின் தூரின் நகரில், "உங்களுக்கு வசதியான நாளில் வாருங்கள்" என்ற கடிதத்தைவிட, நாளும் நேரமும் குறித்து, அவரவர் குடும்ப மருத்துவர் கையொப்பமிட்ட கடிதம் கூடுதலான பெண்களை வரவழைத்தது. இங்கிலாந்தில் அழைப்புக்கு முன்னோட்டமாக வெறும் விழிப்புணர்வுத் துண்டறிக்கை அனுப்பிப் பார்த்தார்கள், பலன் இல்லை. மலேசியாவின் கிள்ளான் பகுதியில் நடந்த ஆய்விலும் தொலைபேசி அழைப்பே முன்னிலையில் நின்றது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாம் செய்ய வேண்டியது தெளிவாகிறது: நாள் குறித்த கடிதம், அதற்குப் பின் நினைவூட்டல், அதற்கும் வராதவர்களுக்கு நேரில் அல்லது தொலைபேசியில் ஓர் அழைப்பு.

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குத் திண்டுக்கல்லைச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அடையாறு புற்றுநோய் நிலையம், அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையம் ஆகியவை சேர்ந்து 2000-ல் இந்த மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வு 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்களை வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள், கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, மாறிய செல்கள் வெண்மைத் திட்டாகத் தெரிகிறதா என்று பார்க்கும் எளிய சோதனையைச் செய்தார்கள். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர், அதாவது 63 சதவீதத்துக்கு மேல், வந்தார்கள். நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. படிக்காத பெண்கள், கூலி வேலை செய்யும் பெண்கள் வரமாட்டார்கள் என்ற பேச்சுக்கு இந்த மாவட்டமே 25 ஆண்டுகளுக்கு முன்பு பதில் சொல்லிவிட்டது. அழைப்பு அவரவர் பெயருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அதன் பிறகு 2007-ல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் அரசின் முன்னோட்டத் திட்டம் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்தது. ஆனாலும் 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். இந்திய அளவில் 1.9 சதவீதம்தான் என்பதால் நாம் முன்னணியில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். பத்தில் ஒன்பது பேர் விடுபட்ட நிலையில் அந்தப் பெருமை யாருக்கும் உதவாது. 35 வயதிலும் 45 வயதிலும் 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும் என்பது 2030-க்கு உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள இலக்கு. பக்கத்தில் இலங்கையில் 1996 முதல் இயங்கும் நலமகளிர் கிளினிக்குகள் 35 வயதை ஓர் இலக்கு வயதாக வைத்திருக்கின்றன. அந்தப் பகுதிக் குடும்ப நல மாது (நம் கிராம சுகாதார செவிலியர் போன்றவர்) தன் பதிவேட்டைப் பார்த்து அந்த வயதுப் பெண்களை அழைக்கிறார். பட்டியல் கையில் இருப்பதால்தான் அது நடக்கிறது.

நடைமுறைக்கு வருவோம். கடிதம் அனுப்புவதில் மிகச் சிரமமான பகுதி கடிதம் அல்ல, முகவரிப் பட்டியல். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக எடுத்த விவரங்கள் இருக்கின்றன. குடும்ப அட்டையில் வயதும் முகவரியும் இருக்கின்றன. பிரசவத்துக்காகப் பதிந்த பிக்மி எண்ணில் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்), இன்று 30-ஐத் தொடும் பெண்களில் மிகப் பலரின் விவரம் தாய்வீட்டு முகவரியோடோ கணவர் வீட்டு முகவரியோடோ இருக்கிறது. இம்மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலைய அளவில் ஒப்பிட்டு ஒரே பட்டியலாக்க வேண்டும். இங்கே வழக்கமாக எங்கே தவறும் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, பிறந்த தேதி. நடுவயதுப் பெண்களில் பலருக்கு ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்றோ ஜூன் 1 என்றோதான் இருக்கும். வருடம் மட்டும் சொல்லி, தேதியை யாரோ நிரப்பியது. "பிறந்த மாதத்தில் அழைப்பு" என்று மென்பொருளில் விதி வைத்தால் ஜனவரியில் கடிதங்கள் குவியும், மற்ற மாதங்களில் செவிலியர் சும்மா இருப்பார். எனவே பிறந்த மாதத்தை விட்டுவிட்டு, குக்கிராமம், தெரு வாரியாக வாரம் பிரித்து அழைப்பதே நல்லது.

இரண்டாவது, முகவரி. நகரங்களில் பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டும் வேண்டும். வாடகை வீட்டுக்காரர் ஓராண்டில் மாறிவிடுவார். கிராமங்களில் கதவு எண்ணைவிடக் கணவர் பெயரும் தெருவும் முக்கியம். ஒரே தெருவில் நான்கு மாரியம்மாள் இருப்பார்கள், க/பெ என்று கணவர் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் தடுமாறுவார். கணவரை இழந்தவர், பிரிந்து வாழ்பவர் என்றால் த/பெ என்று தந்தை பெயரைப் போட வேண்டும். தவறாகப் போட்டு அனுப்பும் ஒரே எழுத்து அந்தப் பெண்ணைப் புண்படுத்திவிடும், பிறகு அவர் வரவே மாட்டார். பின்கோடு இல்லாத முகவரியைப் பட்டியலில் ஏற்கவே கூடாது.

மூன்றாவது, யாருக்கு அனுப்பக் கூடாது என்ற பட்டியல். கர்ப்பப்பையை அகற்றியவர்கள் நம் ஊரில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் கருப்பை வாயும் சேர்த்து அகற்றப்பட்டு, அது புற்றுநோய்க்காகவோ முன்நிலை மாற்றத்துக்காகவோ செய்யப்படாதது என்றால் அழைக்கத் தேவையில்லை. கர்ப்பமாக இருப்பவர், பிரசவமாகிச் சில வாரமே ஆனவர் ஆகியோரைத் தள்ளிவைக்க வேண்டும். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவருக்கு "நீங்கள் இன்னும் வரவில்லை" என்று கடிதம் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இறந்தவர் பெயருக்குக் கடிதம் போகக் கூடாது. அதிலும் இதே நோயால் இறந்தவர் வீட்டுக்குப் போனால் அந்தக் குடும்பமும் தெருவும் இந்தத் திட்டத்தை மன்னிக்காது. ஒவ்வொரு தொகுப்பு அனுப்பும் முன்பும் இறப்புப் பதிவுடன் ஒப்பிடுவதும், கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு முறை பட்டியலைப் படித்துக் காட்டுவதும் கட்டாயம். பத்து நிமிட வேலை அது. அவருக்குத் தெரிந்தது எந்தக் கணினிக்கும் தெரியாது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்தே, குறைந்த இடைவெளியில் பரிசோதனை தேவை. அவர்களை ஏ.ஆர்.டி. மையம் (எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை மையம்) வழியாக நேரில்தான் அழைக்க வேண்டும், தபாலில் தனி வகைக் கடிதம் எதுவும் போகக் கூடாது.

அடுத்து, எந்தத் தபால்? 50 பைசா அஞ்சலட்டை மலிவு. ஆனால் அதைத் தபால்காரர் முதல் மாமியார் வரை எல்லோரும் படிப்பார்கள். "கருப்பை", "புற்றுநோய்" என்ற சொற்கள் திறந்த அட்டையில் போனால், "இவளுக்கு ஏதோ இருக்கிறதாம்" என்று தெருவில் பேச்சாகிவிடும். மூடி ஒட்டும் இன்லேண்ட் லெட்டர் போதும், 2 ரூபாய் 50 காசு. வெளிப்புறத்தில் பெறுநர் முகவரியும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் அனுப்புநர் முகவரியும் தவிர வேறெதுவும் அச்சிடக் கூடாது. ரிப்பன் படமோ முழக்கமோ வேண்டாம். பழுப்பு உறையில் அச்சிட்ட அலுவலகக் கடிதம் என்றால் வங்கி நோட்டீஸ், கோர்ட் நோட்டீஸ் என்று பயந்து பிரிக்காமலே வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மகளிர் உரிமைத் தொகை போன்ற பணத் திட்டத்தோடு இந்தக் கடிதத்தை எவ்வகையிலும் இணைத்துவிடவும் கூடாது. வராவிட்டால் பணம் நின்றுவிடும் என்ற வதந்தி ஒரு வாரத்தில் பரவும். பயந்து வரும் பெண் ஒரு முறைதான் வருவார்.

குறுஞ்செய்தி போதாதா என்று கேட்கலாம். பதிவேட்டில் உள்ள கைபேசி எண் பல வீடுகளில் கணவருடையது அல்லது மகனுடையது. இப்படி ஒரு செய்தியை மகனுடைய கைபேசிக்கு அனுப்புவது தாயைச் சங்கடத்தில் தள்ளும். விளம்பரச் செய்திகளுக்கு நடுவே அது கவனிக்கப்படாமலும் போகும். அந்த எண் அவருடையதுதான் என்று அவரே உறுதிசெய்த பிறகு, சந்திப்புக்கு முந்தின நாள் நினைவூட்ட மட்டும் குறுஞ்செய்தியைப் பயன்படுத்தலாம். தன்னார்வலர் கையிலேயே கொடுத்தனுப்பலாமே என்பது இன்னொரு யோசனை. அவர் அதே தெருக்காரர், பல நேரம் உறவுக்காரர். அவரிடம் பேசக் கூச்சப்படுகிற பெண்ணுக்கு மூடிய கடிதம்தான் வசதி. தவிர, தபாலில் போகும் கடிதம் சேராவிட்டால் திரும்பி வரும். அந்தத் திரும்பி வரும் கடிதங்கள் பட்டியலில் எங்கே ஓட்டை என்று காட்டும். கையில் கொடுத்தனுப்பிய சீட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

கடிதத்தின் வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறோம். எழுத்து பெரிதாக, ஒரே பக்கத்தில் முடிய வேண்டும். பெயரைக் கையால் எழுதினால் இன்னும் நல்லது.

"அன்புள்ள (பெயர்) அவர்களுக்கு, வணக்கம். நம் ஆரம்ப சுகாதார நிலையப் பகுதியில் 30 முதல் 60 வயதுள்ள எல்லாப் பெண்களுக்கும் இந்தக் கடிதம் அனுப்பப்படுகிறது. உங்களுக்கு நோய் இருப்பதாக இதற்கு அர்த்தம் இல்லை. கருப்பை வாயில் பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றம் ஏதும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் பரிசோதனை இது. உங்களுக்காக ஒதுக்கியுள்ள நேரம்: (தேதி), வியாழக்கிழமை, காலை 10.30 மணி. இடம்: ஆரம்ப சுகாதார நிலையம், முதல் அறை. பரிசோதிப்பவர் பெண் செவிலியர். அறையில் வேறு ஆட்கள் இருக்க மாட்டார்கள். ஊசி இல்லை, கத்தி படாது, மயக்க மருந்து இல்லை. 10 நிமிடத்தில் முடிந்து நீங்கள் வழக்கம்போல வேலைக்குப் போகலாம். கட்டணம் இல்லை. அன்று மாதவிலக்காக இருந்தால் வர வேண்டாம், அடுத்த வாரம் அதே கிழமை வாருங்கள். இரண்டு நாள் முன்பிருந்து உள்ளே மருந்து எதுவும் வைக்க வேண்டாம், உறவும் தவிர்க்கவும். முடிவை அன்றே சொல்லிவிடுவோம். பத்தில் ஒருவர் அளவில் மேல்பரிசோதனைக்கு அழைக்கப்படுவார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. கர்ப்பப்பை அகற்றியிருந்தாலோ, தேதியை மாற்ற வேண்டுமானாலோ இந்த எண்ணில் நர்ஸிடம் பேசுங்கள்: (எண்). இந்தக் கடிதத்தைக் கையில் கொண்டு வாருங்கள்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. "எல்லாப் பெண்களுக்கும்" என்ற வரி இல்லாவிட்டால், எனக்கு மட்டும் ஏன் வந்தது என்ற பயம் வரும். பரிசோதிப்பவர் பெண் என்ற வரி இல்லாவிட்டால் பாதிப் பேர் அதைக் கேட்கக்கூடக் கூச்சப்பட்டு வராமல் இருந்துவிடுவார்கள். மாதவிலக்கு வரி இல்லாவிட்டால் 45 நிமிடம் பேருந்தில் வந்தவரைத் திருப்பி அனுப்ப நேரும். பத்தில் ஒருவர் என்ற வரி திண்டுக்கல் ஆய்வில் கண்ட அளவிலிருந்து வருகிறது. மேல்பரிசோதனை என்ற சொல்லை முதன்முதலாகப் பரிசோதனை மேசையில் படுத்திருக்கும்போது கேட்கிறவர் அதை மரணச் செய்தியாக எடுத்துக்கொள்வார், முன்பே படித்தவர் நிதானமாகக் கேட்பார். அமைச்சர், ஆட்சியர் படமும் செய்தியும் இதில் வேண்டாம். கையொப்பம் அந்த நிலைய மருத்துவ அலுவலருடையதோ, ஊர் அறிந்த நர்ஸம்மாவுடையதோ இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர் வேறு யாரிடமாவது கொடுத்துப் படிப்பார் என்பதை நினைத்தே வாசகம் எழுத வேண்டும். மகள் படித்துக் காட்டினாலும் கூசாமல் இருக்கும்படி.

நாள் குறிப்பதில் உள்ளூர் அறிவு வேண்டும். செவ்வாய் கர்ப்பிணிகள் வரும் நாள், புதன் தடுப்பூசி நாள். அந்த இரண்டு நாட்களில் செவிலியருக்கும் நேரம் இருக்காது, அறையும் கிடைக்காது. நூறு நாள் வேலை நடக்கும் வாரத்தில் காலை நேரம் குறித்தால் அன்றைய கூலி போகும், அந்த வாரங்களில் பிற்பகல் 3 மணிக்கு வைக்கலாம். பொங்கல், ஊர்த் திருவிழா, நடவு, அறுப்பு வாரங்களைத் தவிர்க்கலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால், அந்த ஊருக்கு வரும் பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்து அதற்கேற்ப நேரம் குறித்தால் பயணச் செலவே இருக்காது. கடிதம் சந்திப்புக்கு 10 முதல் 14 நாள் முன்பு கையில் கிடைக்க வேண்டும். ஒரு மாதம் முன்பே போனால் மறந்துபோகும், மூன்று நாள் முன்பு போனால் வேலையை மாற்றிவைக்க முடியாது.

இனி அளவு. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 மக்கள்தொகை என்பது பொதுவான கணக்கு. அதில் இந்த வயதுப் பெண்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 6,000 பேர். ஐந்தாண்டுக்கு ஒரு சுற்று என்றால் ஆண்டுக்கு 1,200 பேர், வாரத்துக்குச் சுமார் 25 கடிதம். அதில் பாதிப் பேர் வந்தால் வாரத்துக்கு 12, 13 பரிசோதனை. வியாழன், வெள்ளி இரு நாட்களில் ஒரு செவிலியர் அவசரமில்லாமல் செய்துவிடலாம். ஒருவருக்கு இரண்டு கடிதம் என்று வைத்தாலும் தபால் செலவு ஆண்டுக்கு 6,000 ரூபாய்தான். ஒரு முகாமின் பந்தல் செலவுகூட அதைத் தாண்டும். ஆனால் "இந்த மாத இலக்கு" என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து 1,200 கடிதத்தையும் ஒரே நாளில் தபால் பெட்டியில் போட்டால் எல்லாம் கெட்டுவிடும். நாற்பது பேர் வராந்தாவில் நிற்பார்கள், முப்பது பேரைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். திரும்பிப் போனவர் தானும் வரமாட்டார், பக்கத்து வீட்டுக்காரரையும் வரவிடமாட்டார்.

கடிதத்தில் கொடுத்த வாக்கை அறையில் காப்பாற்ற வேண்டும். அசிட்டிக் அமிலக் கரைசலை 5 மில்லி அமிலத்துக்கு 95 மில்லி காய்ச்சி வடித்த நீர் என்று அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும், பழைய கரைசலில் வீரியம் போய்விடும். தடவிய பிறகு முழுதாக ஒரு நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். அவசரத்தில் 20 விநாடியில் பார்த்து "ஒன்றுமில்லை" என்று அனுப்புவது பொய்யான நிம்மதி. வெளிச்சம் போதாத அறையில் வெண்மைத் திட்டு கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு 8 பேர் என்றால் உள்ளே விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெக்குலம் கருவிகள் குறைந்தது 10-ஆவது தூய்மைப்படுத்தித் தயாராக இருக்க வேண்டும், அதுவும் இரண்டு அளவுகளில். திரையும், உள்ளே தாழ்ப்பாளும் வேண்டும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு மாற்றம் நிகழும் பகுதி உள்ளே போய்விடுவதால் இந்தச் சோதனை பலரிடம் சரிவராது, அவர்களுக்கு பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. பரிசோதனைக்கு ஏற்பாடு இருக்க வேண்டும்.

வராதவர்களுக்கு நினைவூட்டல் எப்போது? இங்கிலாந்தில் முதல் அழைப்புக்குப் பிறகு சுமார் நான்கு மாதம் கழித்து அனுப்புகிறார்கள். அங்கே பெண்ணே நேரம் பதிந்துகொள்ள வேண்டியிருப்பதால் அவ்வளவு அவகாசம். நாம் நாள் குறித்தே அழைப்பதால் நான்கு முதல் ஆறு வாரம் போதும். நினைவூட்டலில் குற்றம் சாட்டும் தொனி கூடாது. "சென்ற முறை வர முடியாமல் போயிருக்கலாம், உங்களுக்காக மறுபடி ஒரு நேரம் வைத்திருக்கிறோம்" என்று புதிய தேதியோடு இரண்டே வரி போதும். அதற்கும் வராதவர்களின் பட்டியல் சிறிதாகிவிடும், அந்தச் சிறிய பட்டியலோடு கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போகலாம் அல்லது தொலைபேசியில் பேசலாம். செவிலியர் நேரம் விலை மதிப்புள்ளது. 1,200 வீடும் ஏறச் சொல்வதற்குப் பதில், கடிதம் கொண்டுவர முடியாத சில நூறு பேருக்காக அதைச் செலவிடலாம். யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அதைப் பதிந்துகொண்டு இந்தச் சுற்றில் தொந்தரவு செய்யாமல் விடுவதும் முறையின் பகுதிதான்.

மேல்பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறவர்களைத்தான் நாம் அதிகமாக இழக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டு, "ஜி.எச்.சுக்குப் போய்க் காட்டுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுப்பதோடு நின்றுவிட்டால், எந்தக் கிழமை, எந்த வார்டு, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் பெண்கள் வெளிநோயாளர் வரிசையிலிருந்து திரும்பிவிடுகிறார்கள். கால்போஸ்கோப்பி (கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) நடக்கும் நாளை முன்பே கேட்டுவைத்து, அங்கேயும் நாள் குறித்த கடிதமாகக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் போகவில்லை என்றால் தொலைபேசி அல்லது நேரில் அழைப்பு. மாற்றம் இருக்கிறது என்ற முடிவைத் தபாலில் மட்டும் தெரிவிக்கக் கூடாது. ஒரு பெண் அதைத் தனியாக உட்கார்ந்து படிக்கும்படி விடுவது சரியல்ல. இயல்பாக இருக்கிறது என்ற முடிவையும் அடுத்த பரிசோதனை எந்த ஆண்டு என்பதையும் தபாலில் அனுப்பலாம், சிகிச்சை முடிந்தவருக்கு ஓராண்டில் மறுபரிசோதனை அழைப்பும் அப்படியே.

நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, மலேசியா போன்ற நாடுகளில் பெண்ணே மாதிரி எடுத்துத் தரும் எச்.பி.வி. பரிசோதனை வந்துவிட்டது. நாளை நமக்கும் வரும், வர வேண்டும். நெதர்லாந்தில் அந்தச் சிறு பெட்டி வீட்டுக்கே தபாலில் போகிறது. அப்படி அனுப்புவதற்கும் முதலில் சரியான முகவரிப் பட்டியல் வேண்டும். இன்று கடிதத்துக்காக நாம் திருத்தும் பட்டியல் அன்று வீணாகாது.

ஓர் எச்சரிக்கை. 2018-ல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 50,000 பெண்களுக்கு அனுப்ப வேண்டிய கடிதங்கள் அனுப்பப்படவே இல்லை என்பது வெளியே வந்தது. கடிதம் வராத பெண், தனக்கு இன்னும் முறை வரவில்லை என்றே நினைத்திருப்பார். அவர் புகார் செய்ய வழியே இல்லை. அழைப்பு முறையின் பிழை சத்தம் போடாது. எனவே ஒவ்வொரு மாதமும், அழைக்கப்பட வேண்டியவர் எத்தனை, கடிதம் போனது எத்தனை, திரும்பி வந்தது எத்தனை, நேரில் வந்தவர் எத்தனை, மேல்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர் எத்தனை, அதை முடித்தவர் எத்தனை என்று ஆறு எண்களையும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால் அந்த வாரமே காரணம் கேட்க வேண்டும்.

ஒரேயடியாக மாநிலம் முழுவதும் தொடங்கச் சொல்லவில்லை. ஒரு மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியம், ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என இரண்டு இடங்களில் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். பாதித் தெருக்களுக்கு இந்த ஆண்டும் மீதித் தெருக்களுக்கு அடுத்த ஆண்டும் கடிதம் அனுப்பினால், கடிதம் எத்தனை பேரைக் கூடுதலாக வரவழைத்தது என்று ஒப்பிட்டுவிடலாம். பட்டியலைத் தயாரிக்க ஒரு தரவு உள்ளீட்டாளர், அஞ்சலகத்தில் வாரம் ஒரு முறை கடிதங்களை மொத்தமாகச் சேர்க்க ஏற்பாடு, தேதிகளைக் குறிக்க ஒரு நாட்காட்டிப் பதிவேடு, அந்த எண்ணை எடுத்துப் பேச ஒரு செவிலியர், இவ்வளவுதான் கூடுதல் தேவை. மக்கள் நல்வாழ்வுத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை முகாம் செய்தி தங்கள் அலுவலகத்துக்கு வரும்போது, அழைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று செய்தியாளர் கேட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் பணியில் உள்ள மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்,
திண்டுக்கல்.